ஆறு பைட்டில் அரை நிமிடம்

தமிழ்நாட்டில் எலக்ட்ரானிக்ஸ் படித்தவர் யாருடைய ரெக்கார்டு நோட்டை வாங்கிப் புரட்டினாலும், 8051 மைக்ரோகன்ட்ரோலர் பகுதியின் முதல் சோதனை பெரும்பாலும் ஒன்றுதான். தொடங்கும் முகவரி 4100. அங்கே 74. அடுத்து ஓர் எண். பிறகு 24, இன்னோர் எண். 90, 45, 00. எஃப்0. கடைசியில் 80, எஃப்ஈ. மொத்தம் பத்து பைட்டு. இரண்டு எண்களைக் கூட்டி, விடையை 4500ஆம் இடத்தில் வைத்துவிட்டு அங்கேயே நின்றுகொள்ளும் புரோகிராம். லேபில் ட்ரெய்னர் கிட்டின் முன்னால் நின்று, ஹெக்ஸ் கீபேடில் பத்தையும் ஒவ்வொன்றாகத் தட்டி, ஓடவிட்டு, ரீசெட் அழுத்தி, 4500ஐத் திறந்தால் விடை இருக்கும். "அவுட்புட் வந்துடுச்சு சார்" என்று சொல்லிக் கையெழுத்து வாங்கிக்கொண்டு பஸ்ஸைப் பிடிக்கப் போய்விடலாம்.

தட்டியதற்கும் விடை வந்ததற்கும் நடுவே என்ன நடந்தது? 12 மெகாஹெர்ட்ஸ் கிரிஸ்டல் என்றால் அந்தக் கூட்டல் முழுவதும் ஆறு மைக்ரோ செகண்டு. முதல் எண்ணை அக்குமுலேட்டரில் எடுக்க ஒன்று, கூட்ட ஒன்று, முகவரி வைக்கும் டிபிடிஆரில் 4500ஐ நிரப்ப இரண்டு, வெளி மெமரியில் எழுத இரண்டு. கண் இமைக்கும் நேரத்தில் இந்த வேலையைப் பல ஆயிரம் முறை செய்து முடிக்கலாம். கிட்டிலும் ரெஜிஸ்டரைத் திறந்து பார்க்க வசதி உண்டு, ஒவ்வொரு ஸ்டெப்பாக ஓட்டவும் வழி உண்டு. ஆனால் ஒவ்வொரு ரெஜிஸ்டராகக் கேட்டுக் கேட்டுத்தான் பார்க்க வேண்டும். பின்னால் நாலு பேர் கிட்டுக்காகக் காத்து நிற்கும்போது யார் கேட்பார்கள்?

கிட் கையில் கிடைக்காதவர்களுக்கான மாற்று ஏற்பாடு என்றுதான், கணினித் திரையில் 8051ஐப் போலவே நடந்துகொள்ளும் சிமுலேட்டரைப் பலரும் நினைக்கிறார்கள். எனக்கு அப்படிப் படவில்லை. நிஜச் சிப்பின் கறுப்பு ஓட்டை உடைத்து உள்ளே பார்த்தாலும் அக்குமுலேட்டரில் 61 இருக்கிறதா 67 இருக்கிறதா என்று கண்ணுக்குத் தெரியப்போவதில்லை. அந்த ஆறு மைக்ரோ செகண்டை நமக்கு வேண்டிய மட்டும் நீட்டி, எல்லா ரெஜிஸ்டரையும் ஒரே திரையில் விரித்து, ஒரு ஸ்டெப்புக்கும் அடுத்த ஸ்டெப்புக்கும் நடுவே டீ குடித்துவிட்டு வரவும் அனுமதிப்பது சிமுலேட்டர் மட்டும்தான். 8051இன் கட்டளைகளில் இருக்கும் அழகெல்லாம் அந்த வேகத்தில்தான் பிடிபடுகிறது.

முதலில் அந்த 80 எஃப்ஈயையே எடுத்துக்கொள்வோம். ரெக்கார்டு நோட்டில் அது 'ஹியர்: எஸ்ஜம்ப் ஹியர்'. கிட்டில் தட்டுகிறவனுக்கு அது புரோகிராமின் முற்றுப்புள்ளி, அவ்வளவுதான். சிமுலேட்டரில் அந்த வரிக்கு வந்து ஸ்டெப்பை அழுத்துங்கள். பிசி, அதாவது அடுத்து படிக்க வேண்டிய முகவரியை வைத்திருக்கும் புரோகிராம் கவுன்டர், நகராது. மறுபடி அழுத்துங்கள். நகராது. ஓடிய நேரம் மட்டும் இரண்டிரண்டு மைக்ரோ செகண்டாக ஏறிக்கொண்டிருக்கும். எஃப்ஈ என்றால் இந்தக் கணக்கில் மைனஸ் இரண்டு. ஏன் இரண்டு? 4108இல் இருக்கும் 80ஐயும் 4109இல் இருக்கும் எஃப்ஈயையும் படித்து முடித்தபோது பிசி ஏற்கெனவே 410ஏவுக்குப் போய் நிற்கிறது. தாவல் அங்கிருந்துதான் எண்ணப்படும். எனவே இருந்த இடத்திலேயே இருக்க வேண்டுமானால் இரண்டு அடி பின்னால் வந்தாக வேண்டும். எங்கே போக வேண்டும் என்ற முகவரி அந்த இரண்டு பைட்டில் கிடையாது. அதனால் இதே புரோகிராமை 4100க்குப் பதில் 0000இலிருந்து எழுதினாலும் 80 எஃப்ஈ மாறாமல் வேலை செய்யும். பலரும் முகவரியைப் போலவே மனப்பாடம் செய்துகொண்டது, முகவரியே இல்லாத ஒன்றை.

தருமபுரியில் இந்தப் பாடம் நடக்கும் இடங்களில் முக்கியமானது செட்டிக்கரை அரசு பொறியியல் கல்லூரி. 2013இல் தொடங்கியது, அண்ணா பல்கலைக்கழகத்தின் கீழ் வருவது. அந்தப் பல்கலைக்கழகத்தின் 2013, 2017 பாடத்திட்டங்கள் இரண்டிலும் எலக்ட்ரானிக்ஸ் மாணவர்களுக்கு 8086ஓடு 8051உம் உண்டு. பாலிடெக்னிக்கிலும் 8051தான் மைக்ரோகன்ட்ரோலர் பாடத்தின் உயிர். லேப் நேரம் போக மீதி நேரத்தில் இதைத் தொட்டுப் பார்க்க ஒரு காலத்தில் வழியே இருந்ததில்லை. 2011 முதல் அரசு கொடுத்த விலையில்லா மடிக்கணினி அதை மாற்றியது. பென்னாகரத்திலோ அரூரிலோ வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து 8051ஐ ஸ்டெப் ஸ்டெப்பாக ஓட்ட முடியும் என்று ஆனது. பலர் அந்தக் கணினியில் படம் மட்டும்தான் பார்த்தார்கள் என்பதும் உண்மை. அது கணினியின் குற்றமல்ல.

சிமுலேட்டர்களில் கைல் மைக்ரோவிஷன் தொழிற்சாலைக்காரர்களின் கருவி. இலவசப் பதிப்பில் புரோகிராம் 2 கிலோபைட்டைத் தாண்டக் கூடாது, பாடத்துக்கு அதுவே தாராளம். படிப்பவர்களுக்கு எனக்குப் பிடித்தது ஜேம்ஸ் ரோஜர்ஸ் எழுதிய எட்சிம்51. ஜாவாவில் ஓடும் சின்ன மென்பொருள். ரெஜிஸ்டர்கள், மெமரி, புரோகிராம், எல்இடி, செவன் செக்மென்ட், கீபேட், எல்சிடி, மோட்டார் எல்லாம் ஒரே திரையில். 8051க்கு முந்திய மைக்ரோபிராசசரான 8085க்கு நம்மவர் ஒருவரே சிமுலேட்டர் எழுதியிருக்கிறார். லினக்ஸில் ஓடும் உருப்படியான 8085 சிமுலேட்டர் இல்லையே என்று ஸ்ரீதர் ரத்னகுமார் 2003இல் எழுதத் தொடங்கிய ஜிஎன்யூசிம்8085 அது. 2008இல் ஃபாஸ் இந்தியா விருது பெற்ற இருபது மென்பொருள்களில் அதுவும் ஒன்று. இன்றும் எத்தனையோ கல்லூரிக் கணினிகளில் ஓடிக்கொண்டிருக்கிறது.

8051 பிறந்தது 1980இல், இன்டெல்லில். கட்டளைத் தொகுதியை வடிவமைத்தவர் ஜான் வார்ட்டன். ஒரு பைட்டில் 256 ஆப்கோடு இடம் உண்டு. அதில் 255ஐ அவர் பயன்படுத்திவிட்டார், ஏ5 ஒன்றுதான் காலி. உள்ளே இருக்கும் ரேம் 128 பைட்டு. இப்போது ஒரு வாட்ஸ்அப் ஸ்டிக்கருக்குக்கூட அது காணாது. அந்த இடத்துக்குள் நான்கு ரெஜிஸ்டர் வங்கி, பிட் பிட்டாகத் தொடக்கூடிய ஒரு பகுதி, ஸ்டாக் எல்லாம் அடங்க வேண்டும். நெருக்கடியில் எழுதப்பட்டதால்தானோ என்னவோ, ஒவ்வொரு கட்டளையிலும் ஒரு சிக்கனம் தெரிகிறது.

ஒரு சின்ன வேடிக்கையிலிருந்து தொடங்கலாம். 'மூவ்' எந்த ஃபிளாகையும் தொடாது என்று புத்தகம் சொல்லும். சிமுலேட்டரில் அக்குமுலேட்டருக்கு 07 கொடுத்து ஒரு ஸ்டெப் போடுங்கள். ஃபிளாகுகள் இருக்கும் பிஎஸ்டபிள்யூவின் கடைசி பிட் 0இலிருந்து 1 ஆகும். 03 கொடுங்கள், 0க்குத் திரும்பும். புத்தகம் பொய் சொல்கிறதா? இல்லை. அந்த பிட் பாரிட்டி. அக்குமுலேட்டரில் எத்தனை ஒன்று இருக்கிறது, ஒற்றைப்படையா இரட்டைப்படையா என்பதை அது எப்போதும் காட்டிக்கொண்டிருக்கும். எந்தக் கட்டளைக்கும் காத்திருக்காது. 07இல் மூன்று ஒன்று, 03இல் இரண்டு. பக்கத்தில் இருக்கும் கேரி, ஆக்ஸிலரி கேரி, ஓவர்ஃப்ளோ எல்லாம் கணக்கோ அவற்றைத் தொடும் கட்டளையோ நடந்தால்தான் அசையும். ஒரே பைட்டுக்குள் குடியிருந்தாலும் பாரிட்டியின் சுபாவம் வேறு. பட்டியலைப் படித்து இது எனக்கு விளங்கியதில்லை, அந்தக் கட்டம் துள்ளுவதைக் கண்டபோதுதான் விளங்கியது.

எனக்கு மிகவும் பிடித்த கட்டளை 'டிஏ ஏ'. ஆப்கோடு டி4, ஒரே பைட்டு. சிப்புக்குத் தெரிந்தது பதினாறின் கணக்கு. நமக்கு வேண்டியது பத்தின் கணக்கு. செவன் செக்மென்டில் எண் காட்ட வேண்டும், கடிகாரம் ஓட வேண்டும் என்றால் ஒவ்வோர் இலக்கத்தையும் நாலு பிட்டில் தனியாக வைத்துக் கூட்ட வேண்டியிருக்கும். 58ஐயும் 46ஐயும் அப்படிக் கூட்டிப் பாருங்கள். 'ஆட்' முடிந்த ஸ்டெப்பில் அக்குமுலேட்டரில் நிற்பது 9ஈ. தசம இலக்கமே அல்லாத ஒரு ஈ அங்கே உட்கார்ந்திருக்கிறது. இங்கே நிறுத்திவிட்டு அந்த 9ஈயைக் கொஞ்ச நேரம் பாருங்கள். சிப்பின் கண்ணில் கணக்கு சரி, நம் கண்ணில் தப்பு. அடுத்த ஸ்டெப், டிஏ ஏ. வலது பாதி ஒன்பதைத் தாண்டிவிட்டதால் ஆறு சேர்க்கிறது. 9ஈ, ஏ4 ஆகிறது. இப்போது இடது பாதியும் ஒன்பதைத் தாண்டிவிட்டதால் அங்கும் ஆறு. ஏ4, 04 ஆகி, கேரியில் ஒன்று ஏறுகிறது. கேரியில் 1, அக்குமுலேட்டரில் 04. நூற்று நான்கு! திரையில் நமக்குத் தெரிவது 9ஈ மறைந்து 04 வருவது மட்டும்தான், நடுவில் வந்த ஏ4ஐ மனத்தில் ஓட்டிக்கொள்ள வேண்டும்.

பத்துக்கும் பதினாறுக்கும் இருக்கும் வித்தியாசம் ஆறு. அந்த ஆறைத்தான் டிஏ ஏ பார்த்துப் பார்த்துச் சேர்க்கிறது. 29ஐயும் 38ஐயும் போட்டால் இன்னொரு நுணுக்கம் தெரியும். கூட்டியதும் வருவது 61. இரண்டு இலக்கமும் பார்வைக்குச் சரியாகவே இருக்கின்றன, ஒன்பதைத் தாண்டியது எதுவும் இல்லை. ஆனால் விடை 67 அல்லவா? எட்டும் ஒன்பதும் பதினேழு, அதில் பதினாறு இடது பாதிக்குப் போய்விட்டது, அதற்குச் சாட்சியாக ஆக்ஸிலரி கேரியில் 1 எரிகிறது. டிஏ ஏ எண்ணை மட்டும் பார்க்காமல் இந்தச் சாட்சியையும் கேட்டுவிட்டு ஆறைச் சேர்க்கிறது. 67. ஆக்ஸிலரி கேரி எதற்கு இருக்கிறது என்று தேர்வில் இரண்டு மதிப்பெண்ணுக்கு எழுதிவிட்டு மறந்தவர்கள் இந்த ஒரு ஸ்டெப்பைப் பார்த்தால் போதும். இதே காரணத்தால்தான் டிஏ ஏவைக் கூட்டலுக்குப் பின்னால் மட்டுமே போட வேண்டும். ஏதோ ஒரு ஹெக்ஸ் எண்ணை எடுத்துவந்து இதைத் தசமமாக்கு என்று கேட்டால் அதற்குத் தெரியாது. அந்த வேலைக்கு 'டிவ் ஏபி' இருக்கிறது. நூறால் வகுத்து, மீதியைப் பத்தால் வகுத்து வாங்கிக்கொள்ளலாம்.

ரெஜிஸ்டர் வங்கி மாறுவதையும் கண்ணால் பார்க்க வேண்டும். ஆர்0 முதல் ஆர்7 வரை எட்டு ரெஜிஸ்டர்கள். எட்டிலும் ஏதாவது எண்ணை நிரப்பிக்கொள்ளுங்கள். பிறகு பிஎஸ்டபிள்யூவின் மூன்றாம் பிட்டை 'செட்பி' போட்டு ஏற்றுங்கள். ஒரே ஸ்டெப், ஒரு மைக்ரோ செகண்டு. எட்டு எண்ணும் ஒரே நேரத்தில் மாறிவிடும். முதல் முறை பார்ப்பவர்களுக்கு எல்லாம் அழிந்துவிட்டது போலத் தோன்றும். மெமரிக் கட்டத்தைப் பாருங்கள், 00 முதல் 07 வரை பழைய எண்கள் அப்படியே இருக்கின்றன. ஒரு பைட்டுகூட இடம் பெயரவில்லை. வீடுகள் அப்படியே இருக்க, பெயர்ப்பலகை மட்டும் பக்கத்துத் தெருவுக்குப் போய்விட்டது. ஆர்0 என்றால் இனி 08. பிட்டை இறக்கினால் பெயர்கள் திரும்பிவிடும், பழைய எண்களும் திரும்பும். இன்டரப்ட் வந்தால் எட்டு ரெஜிஸ்டரையும் ஸ்டாக்கில் ஏற்றி இறக்கி நேரத்தை வீணாக்க வேண்டாம், வங்கியை மாற்றினால் போதும் என்பதற்காகச் செய்த ஏற்பாடு.

இந்த ஏற்பாட்டுக்குள்ளேயே ஒரு பொறியும் இருக்கிறது. ரீசெட் ஆனதும் ஸ்டாக் பாயின்டர் 07இல் நிற்கும். 8051இல் ஸ்டாக் மேல்நோக்கி வளரும், 8085க்கு நேர் எதிர். எழுதும் முன் ஒன்று ஏறிக்கொள்ளும். ஆக, முதல் 'கால்' போட்டதும் திரும்பிவர வேண்டிய முகவரியின் கீழ்ப்பாதி 08இலும் மேல்பாதி 09இலும் போய் உட்காரும். 08 என்பது யார்? இரண்டாவது வங்கியின் ஆர்0. சப்ரொட்டீனுக்குள் போய் வங்கியை மாற்றி ஆர்0இல் எதையாவது எழுதினால், வீடு திரும்பும் வழியையே அழித்ததாகும். 'ரெட்' போட்டதும் பிசி எங்கோ போய் விழும். நிஜச் சிப்பில் இது நடந்தால் 'போர்டு ஹேங் ஆகுது' என்பதற்கு மேல் ஒன்றும் தெரியாது, சிப்பை மாற்று, கிரிஸ்டலை மாற்று, சால்டரை மறுபடி வை என்றுதான் நாள் போகும். சிமுலேட்டரில் 08ஆம் கட்டத்தில் முகவரி உட்காருவதையும், பிறகு அது அழிவதையும், பிசி தடம் மாறுவதையும் வரிசையாகப் பார்த்துவிடலாம். ஸ்டாக் பாயின்டரை ஏன் முதல் வரியிலேயே 30க்கோ 2எஃப்புக்கோ மாற்றச் சொல்கிறார்கள் என்பதற்கு வேறு விளக்கம் தேவைப்படாது.

இனி தலைப்புக்கு வருகிறேன். தருமபுரி மாவட்டத்தில் மைக்ரோகன்ட்ரோலரை விவசாயி அடிக்கடி பார்க்கும் இடம் கிணற்று மேட்டில் இருக்கும் ஸ்டார்ட்டர் பெட்டி. மும்முனை மின்சாரம் போய்த் திரும்பி வந்ததும் மோட்டாரைத் தானே எடுக்கும் ஆட்டோ ஸ்டார்ட்டர். ஆனால் வந்த உடனே எடுக்காது, சில நிமிடம் காத்திருக்கும். காரிமங்கலம் பக்கம் மோட்டார் காயில் கட்டும் கடையில் ஒருமுறை இதைக் கேட்டேன்.

"கரண்டு வந்தவுடனே எடுக்க வேண்டியதுதானேண்ணா, எதுக்கு அஞ்சு நிமிஷம்?"

"எல்லா மோட்டாரும் ஒண்ணா எடுத்தா டிரான்ஸ்ஃபார்மர் தாங்குமா தம்பி? வோல்டேஜ் படுத்துக்கும். ஆளுக்கொரு டைம் வெச்சுட்டாச் சரியாப் போயிரும்."

பெட்டிக்குள் என்ன சிப் என்பது கம்பெனிக்குக் கம்பெனி மாறும், சிலதில் வெறும் டைமர் ஐசிதான். ஆனால் காத்திருப்பதை 8051இல் எப்படி எழுதுவது என்று யோசித்தால் 'டிஜேஎன்ஸெட்' என்ற கட்டளை வந்து நிற்கும். ஒரு ரெஜிஸ்டரில் ஒன்றைக் குறை, சுழியாகாவிட்டால் சொன்ன இடத்துக்குத் தாவு. இரண்டு பைட்டு, இரண்டு மைக்ரோ செகண்டு. இதையே மூன்று முறை எழுதலாம். முதல் வரி ஆர்5ஐக் குறைத்துத் தன்னிடமே தாவுகிறது. இரண்டாவது ஆர்6ஐக் குறைத்து முதல் வரிக்குத் தாவுகிறது. மூன்றாவது ஆர்7ஐக் குறைத்து அதே முதல் வரிக்குத் தாவுகிறது. அசெம்பிள் செய்தால் வருவது: டிடி எஃப்ஈ, டிஈ எஃப்சி, டிஎஃப் எஃப்ஏ. இந்த ஆறு பைட்டையும் ஒருமுறை வாய்விட்டுப் படியுங்கள். இடது பக்கம் டிடி, டிஈ, டிஎஃப் என்று ஒவ்வொன்றாக ஏறுகிறது, ரெஜிஸ்டர் எண் ஏறுவதால். வலது பக்கம் எஃப்ஈ, எஃப்சி, எஃப்ஏ என்று இரண்டிரண்டாக இறங்குகிறது, ஒவ்வொரு வரியும் இன்னும் இரண்டு பைட்டு தள்ளி நின்று திரும்ப வேண்டியிருப்பதால்.

மூன்று ரெஜிஸ்டரிலும் 00 இருக்கும்போது இதை ஓடவிட்டால் எவ்வளவு நேரம்? சுழியிலிருந்து எதைக் குறைப்பது, உடனே முடிந்துவிடும் என்று நினைக்கத் தோன்றும். ஸ்டெப் அழுத்துங்கள். ஆர்5, 00இலிருந்து எஃப்எஃப் ஆகிறது. குறைத்துவிட்டுத்தான் சுழியா என்று பார்க்கும், பார்த்துவிட்டுக் குறைக்காது. ஆக 00 என்றால் 256 முறை. ஒரு பைட்டில் எழுதவே முடியாத 256 என்ற எண்ணை 00 சுமந்துகொண்டு நிற்கிறது. 256 முறை முடிந்ததும் ஆர்5இல் மிஞ்சுவது என்ன? மறுபடி 00. அதாவது அடுத்த சுற்றுக்கு அது தயாராக இருக்கிறது, மறுபடி நிரப்பத் தேவையில்லை! வழக்கமான டிலே ரொட்டீனில் ஒவ்வொரு சுற்றுக்கும் எண்ணை மறுபடி ஏற்ற ஒரு 'மூவ்' இருக்கும். இங்கே அந்த வரியே இல்லை. உள்சுற்று 512 மைக்ரோ செகண்டு, அதோடு ஆர்6இன் இரண்டைச் சேர்த்து 514, அது 256 தரம், அதோடு ஆர்7இன் இரண்டு, மறுபடி 256 தரம். மொத்தம் 3,36,86,016 மைக்ரோ செகண்டு. முப்பத்து மூன்றே முக்கால் விநாடிக்குக் கொஞ்சம் குறைவு. ஆறு பைட்டில் அரை நிமிடத்துக்கு மேல். முன்னால் ஆர்4இல் 9 வைத்து, கடைசியில் நான்காவதாக ஒரு டிஜேஎன்ஸெட்டும் சேர்த்தால் ஐந்து நிமிடம் மூன்று விநாடி. காயில் கடைக்காரர் சொன்ன ஐந்து நிமிடம் பத்து பைட்டில் வந்துவிடுகிறது.

முழுதாக ஓடவிட்டால் டிஜேஎன்ஸெட் 1,68,43,008 முறை நடக்க வேண்டும். சிமுலேட்டர் இதை நிஜ நேரத்தில் முடிக்காது. அப்படி உட்கார்ந்து பார்க்கவும் வேண்டாம். ஆர்5இல் 01, ஆர்6இல் 02 போட்டுக்கொண்டு ஸ்டெப் செய்யுங்கள். ஆர்5 சுழியாகி இரண்டாம் வரிக்கு இறங்கும், ஆர்6 ஒன்றாகி மேலே தாவும், ஆர்5 எஃப்எஃப்புக்கு எகிறும். கோடிக் கணக்கில் நடக்கப்போகும் ஓட்டத்தின் சாரம் இந்த மூன்று அழுத்தலில் அடங்கிவிட்டது. உண்மையான ஸ்டார்ட்டருக்கு இப்படி எழுத மாட்டார்கள் என்பதையும் சொல்லிவிட வேண்டும். ஐந்து நிமிடமும் வேறு எதையும் கவனிக்காமல் எண்ணிக்கொண்டே இருந்தால் நடுவில் ஒரு ஃபேஸ் போனது யாருக்குத் தெரியும்? அங்கே டைமரும் இன்டரப்டும்தான் சரி.

சிமுலேட்டர் நம்மை ஏமாற்றும் இடமும் இதிலேயே இருக்கிறது. ரீசெட் கொடுத்ததும் அதன் ரேம் முழுவதும் 00. நிஜச் சிப்பில் கரண்டு கொடுத்ததும் ரேமில் என்ன இருக்கும் என்று யாரும் உத்தரவாதம் தர மாட்டார்கள். ஆர்5, ஆர்6, ஆர்7 மூன்றிலும் ஏதோ குப்பை இருக்கும். நம் ஆறு பைட்டு முதல் முறை ஐந்து விநாடியில் முடியலாம், இருபதில் முடியலாம். ஆனால் முடியும்போது மூன்றும் சுழியாகிவிடுவதால் இரண்டாம் முறையிலிருந்து சரியாக வேலை செய்யும். மேசைமேல் வைத்துச் சோதிக்கிறவன் முதல் ஓட்டத்தைக் கவனிக்காமல் விட்டால் இந்தப் பிழை அவன் கண்ணில் படவே படாது.

மருந்து நான்கே பைட்டு. அக்குமுலேட்டரைத் துடைக்க ஈ4. அதை ஆர்5, ஆர்6, ஆர்7க்குக் கொடுக்க எஃப்டி, எஃப்ஈ, எஃப்எஃப். நடுவில் இருக்கும் எஃப்ஈயைக் கவனித்தீர்களா? சற்று முன் மைனஸ் இரண்டாக இருந்தது, இங்கே 'மூவ் ஆர்6, ஏ'. பைட்டு அதேதான், நிற்கும் இடத்தைப் பொறுத்து ஒருமுறை தூரமாகவும் ஒருமுறை கட்டளையாகவும் படிக்கப்படுகிறது. எஃப்எஃப்புக்கும் ஒரு கதை உண்டு. எதுவும் எழுதாத புது ஃப்ளாஷ் சிப்பில் எல்லா இடத்திலும் எஃப்எஃப்தான் இருக்கும். அந்தக் காலிச் சிப்பை போர்டில் மாட்டிக் கரண்டு கொடுத்தால் அது சும்மா இருப்பதில்லை, அக்குமுலேட்டரை ஆர்7க்குக் கொடுத்துக்கொண்டே இருக்கும்.

கிரிஸ்டல் விஷயத்திலும் சிமுலேட்டரும் போர்டும் பிரியும். எட்சிம்51 தானாக எடுத்துக்கொள்வது 12 மெகாஹெர்ட்ஸ், எண்ணுவதற்குச் சுலபம். கடையில் வாங்கும் போர்டில் பெரும்பாலும் 11.0592 இருக்கும். யார் வைத்த எண் இது என்று எரிச்சல் வரும். வகுத்துப் பாருங்கள்: பன்னிரண்டால் வகுத்தால் 9,21,600. சீரியல் போர்ட்டுக்காக 32ஆல் வகுத்தால் 28,800. டைமரை மூன்று வரை எண்ணச் சொன்னால் 9,600 பாட், மீதமே இல்லை. 12 மெகாஹெர்ட்ஸில் அதே கணக்குக்கு 10,417 வரும், கம்ப்யூட்டர் திரையில் எழுத்துகள் கன்னாபின்னாவென்று விழும். ஆறு மைக்ரோ செகண்டை ஆறரையாக்கிக் கெடுக்கும் அந்த அசிங்கமான எண், பேச்சென்று வரும்போது மட்டும் அவ்வளவு சுத்தம்.

இவ்வளவு பாராட்டிவிட்டு வார்ட்டனின் கட்டளைத் தொகுதியில் எனக்கிருக்கும் மனத்தாங்கலையும் சொல்லத்தான் வேண்டும். கழித்தலுக்கு 'சப்பி' ஒன்றுதான். எப்போதும் கேரியையும் சேர்த்தே கழிக்கும், எனவே ஒவ்வொரு முறையும் முன்னால் 'கிளியர் சி' போட்டாக வேண்டும். மறந்தால் விடை ஒன்று குறையும், அதுவும் சில நேரம் மட்டும். இன்னொன்று இதைவிட உறுத்துவது. டிபிடிஆரை ஒன்று கூட்ட 'இன்க் டிபிடிஆர்' இருக்கிறது, ஒன்று குறைக்கக் கட்டளை இல்லை. பட்டியலின் கடைசியிலிருந்து முன்னோக்கி வர வேண்டுமானால் நாமே எழுதிக்கொள்ள வேண்டும். அதற்கு ஐந்து வரி: அக்குமுலேட்டரையும் டிபிடிஆரின் கீழ்ப்பாதியான டிபிஎல்லையும் இடம் மாற்று, அக்குமுலேட்டர் சுழியில்லை என்றால் ஒரு வரி தாண்டு, சுழி என்றால் மேல்பாதியான டிபிஎச்சில் ஒன்று குறை, அக்குமுலேட்டரில் ஒன்று குறை, மறுபடி இடம் மாற்று. டிபிடிஆரில் 4500 வைத்து, அக்குமுலேட்டரில் வேறு ஏதாவது, 3சி என்று வைத்துக்கொண்டு ஸ்டெப் செய்யுங்கள். முதல் ஸ்டெப்பில் 3சி, டிபிஎல்லுக்குப் போய் ஒதுங்கிக்கொள்கிறது. இரண்டாவதில் சுழி என்று தெரிகிறது. மூன்றாவதில் 45, 44 ஆகிறது. நான்காவதில் 00, எஃப்எஃப் ஆகிறது. ஐந்தாவதில் 3சி வீடு திரும்புகிறது, டிபிடிஆரில் 44எஃப்எஃப். கேரியையும் ஓவர்ஃப்ளோவையும் யாரும் தொடவில்லை. பாரிட்டி? 3சியில் நாலு ஒன்று, எஃப்எஃப்பில் எட்டு, எல்லாமே இரட்டைப்படை. எனவே இந்த எண்ணுக்கு அது ஏறாது. 3சிக்குப் பதில் 07 வைத்துப் பாருங்கள், முதல் ஸ்டெப்பில் இறங்கிக் கடைசி ஸ்டெப்பில் ஏறும்.